பாசி நீரில் எண்ணெய்: முழுக் கணக்கைக் காட்டுங்கள்!

(வாசிகசாலை ஆண்டு விழாக் கூட்டமொன்றில் சட்டத்தரணியும் கட்சி அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடைகளில் என் குரலைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு, இன்று நான் குளத்துப் பாசியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வியப்புத் தோன்றலாம். "உரிமையைப் பற்றிப் பேச வந்தவர் பாசியைப் பற்றிப் பேசுகிறாரே" என்று சிலர் முணுமுணுப்பதும் என் காதில் விழுகிறது. சற்றுப் பொறுத்திருங்கள். நிலம் யாருடையது, நீர் யாருடையது, ஒரு திட்டத்தின் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்ற கேள்விகள் அரசியல் அல்லவென்றால் வேறு எதுதான் அரசியல்?

ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் வெளிச்சத்தில் பாடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய விந்தையைக் கண்டவர்கள் நாம். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது வயலும் தோட்டமும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அடுத்த ஆண்டிலே நாடு முழுவதும் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றது. மண்ணெண்ணெய் இன்மையால் கடற்றொழிலாளரின் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. எண்ணெய் இல்லாத வாழ்வையும், உரம் இல்லாத வாழ்வையும் அடுத்தடுத்து அனுபவித்த மக்களுக்கு இன்றைய விடயம் அந்நியமானதன்று. ஏனெனில், பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிலில் அவ்விரண்டும் சந்திக்கின்றன.

வாக்குறுதி யாது?

நுண்பாசி என்பது கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத சிறு பச்சை உயிர். வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. சூரிய ஒளியையும் காபனீரொட்சைட்டையும் நீரிற் கரைந்த உப்புக்களையும் கொண்டு வளர்கிறது. அதன் சில இனங்கள் ஒரே நாளில் இரு மடங்காகப் பெருகக் கூடியவை. சில இனங்கள் தம் உடல் நிறையிற் காற்பங்கு, மூன்றிலொரு பங்கு, அதற்கு மேலும் எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன. அவ்வெண்ணெயை டீசலாக மாற்றலாம். எஞ்சிய புரதத்தைக் கால்நடைத் தீவனமாக்கலாம். நிறப்பொருட்களை மருந்துக்கும் உணவுக்கும் விற்கலாம். நெல் விளையும் நிலம் வேண்டியதில்லை. தரிசு நிலமும் உவர் நீரும் போதும். இதுவே வாக்குறுதி.

இவ்வாக்குறுதி முழுப் பொய்யன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்தரப்புச் சாட்சியின் உண்மையை மறைத்து வழக்கை வெல்ல நினைப்பவன் நல்ல வழக்கறிஞன் அல்லன். பாசி எண்ணெய் தருகிறது. அது வண்டியை ஓட்டுகிறது. இதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெண்ணெயைப் பெற நாம் எதைச் செலவிடுகிறோம், அச்செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதே வழக்கு.

இரு முயற்சிகள்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கியது. அதன் பயனாக 1978இல் அந்நாட்டு அரசு நீர்வாழ் இனங்களைப் பற்றிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகள் அது நடந்தது. ஏறக்குறைய இரண்டரைக் கோடி டொலர் செலவாயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். சலித்து எடுத்துச் சுமார் முந்நூறாகக் குறைத்தார்கள். நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ரோஸ்வெல் என்னும் இடத்தில் ஆயிரம் சதுர மீற்றர் பரப்புள்ள குளங்களை அமைத்துத் திறந்த வெளியில் வளர்த்தார்கள். சில நாட்களில் ஒரு சதுர மீற்றரில் 50 கிராம் வரை விளைந்தது. ஆனால் பாலைவனத்துக் குளிர் வந்ததும் விளைச்சல் வீழ்ந்தது. உயர்ந்த விளைச்சல் ஆண்டு முழுவதும் நிலைக்கவில்லை.

இன்னொரு உண்மையையும் அவர்கள் கண்டார்கள். நைதரசனைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசி எண்ணெயை மிகுதியாகச் சேர்க்கிறது. ஆனால் அதன் வளர்ச்சி குன்றுகிறது. கொழுத்தது வளராது, வளர்வது கொழுக்காது. 1996இல், மசகெண்ணெய் விலை தாழ்ந்திருந்த வேளையில், அத்திட்டம் மூடப்பட்டது.

எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது பாசியின் பெயரும் மீண்டும் எழுந்தது. நியூசிலாந்துப் பேராசிரியர் யூசுப் சிஸ்தி 2007இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 58,700 லீற்றர் எண்ணெய் பெறலாம் என்ற மதிப்பீடு இருந்தது. எண்ணெய்ப் பனைக்கு அவர் தந்த எண் 5,950 லீற்றர். பத்து மடங்கு! முதலாளிகள் ஓடி வந்தார்கள். எக்ஸன்மொபில் நிறுவனம் 2009இல் அறுபது கோடி டொலர் வரை செலவிடப் போவதாக அறிவித்தது. 2018இல், 2025ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பீப்பாய் உற்பத்தி செய்யும் ஆற்றலை அடைவதாக இலக்கு வைத்தது. 2023இல் அம்முயற்சிக்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியாவில் 2003இல் தொடங்கிய சொலசைம் நிறுவனமோ பாசியை ஒளியில்லாத தொட்டியில் சீனி கொடுத்து வளர்த்தது. பிரேசிலிற் கரும்பாலைக்குப் பக்கத்திலே தொழிற்சாலை அமைத்தது. பாசிக்கு விளைநிலம் வேண்டாம் என்றார்கள். கரும்புக்கு வேண்டுமே என்ற கேள்விக்கு விடை இல்லை. அந்நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டும் 2017இல் வங்குரோத்து நிலையை அடைந்தது.

ரோஸ்வெல் குளத்தையும் சிஸ்தியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு 10 கிராம் விளைகிறது என்று கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 36.5 தொன். அதிற் காற்பங்கு எண்ணெய் என்றால் ஒன்பது தொன். ஏறத்தாழப் பத்தாயிரம் லீற்றர். பனையை விஞ்சிய விளைச்சல்தான். ஆனால் மேடையிற் சொல்லப்பட்ட எண்ணில் ஆறிலொரு பங்கு.

முதற் கேள்வி: செலவிடும் சக்தி எவ்வளவு?

திறந்த குளத்து நீரில் ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் அளவிலேயே பாசி இருக்கும். ஒரு கிலோ பாசியைப் பெற இரண்டாயிரம் லீற்றர் நீரைக் கையாள வேண்டும். அதைச் சுழற்றவும், இறைக்கவும், வடிக்கவும் மின்சாரம் வேண்டும்.

வடித்த பின்னும் பாசிக் குழம்பில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. அதாவது, ஒரு கிலோ உலர்ந்த பாசியோடு நான்கு கிலோ நீர். இந்நீரை நெருப்பில் ஆவியாக்கிப் போக்கப் புகுந்தால், கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டரை மெகாயூல் வீதம் பத்து மெகாயூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிலோ பாசியிற் கிடைக்கும் காற்கிலோ எண்ணெயை எரித்தால் வருவது ஒன்பதரை மெகாயூல் அளவே! பத்தைக் கொடுத்து ஒன்பதரையை வாங்குவது வியாபாரமா? இது உயர்தர வகுப்பு மாணவனும் செய்து பார்க்கக் கூடிய கணக்கு. 2009இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று இதையே விரிவாகக் காட்டியது. அதில் ஆராயப்பட்ட வழிகளுள், நைதரசனைக் குறைத்து வளர்த்து, உலர்த்தாமல் ஈரமாகவே எண்ணெயைப் பிரிக்கும் வழியொன்றே முழுச் செலவையும் கழித்த பின் மிச்சம் காட்டியது.

ஈரப் பாசியையே உயர்ந்த அழுத்தத்திலும் முந்நூறு பாகை அளவான வெப்பத்திலும் வைத்து எண்ணெயாக்கும் முறை உண்டு. எண்ணெய் எடுத்த எச்சத்தைக் காற்றில்லாத் தொட்டியில் நொதிக்க விட்டு மெதேன் வாயு பெறும் முறையும் உண்டு. இவை நம்பிக்கை தருவன. ஆனால் கணக்கில் முதலில் எழுத வேண்டியது செலவு, நம்பிக்கை அன்று.

இரண்டாம் கேள்வி: நீரும் உரமும் எங்கிருந்து?

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டுப் போக்குவரத்துக்கு வேண்டிய எரிபொருளில் வெறும் 5 வீதத்தை, அதாவது 3,900 கோடி லீற்றரைப் பாசியிலிருந்து பெற என்ன வேண்டும் என்று அது ஆராய்ந்தது. உரத்தை மீளப் பயன்படுத்தாவிடின் 60 இலட்சம் முதல் 150 இலட்சம் தொன் வரை நைதரசனும், 10 இலட்சம் முதல் 20 இலட்சம் தொன் வரை பொசுபரசும் வேண்டும். அந்நாடு முழுவதும் அப்போது பயன்படுத்திய நைதரசனில் இது 44 முதல் 107 வீதம். பொசுபரசில் 20 முதல் 51 வீதம். நூற்றில் ஐந்து வண்டிகள் ஓட, ஒரு வல்லரசின் விவசாயம் முழுவதற்கும் போதுமான நைதரசன் உரம் செலவாகலாம்! ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஈடான பாசி எரிபொருளுக்கு வேண்டிய நன்னீர், முறைக்கு ஏற்ப 3.15 லீற்றர் முதல் 3,650 லீற்றர் வரை வேறுபடும் எனவும் அவ்வறிக்கை கூறியது. அன்றைய தொழில்நுட்பத்தோடு இத்தகைய பெரும் அளவில் இறங்கினால் அது நீடித்து நிற்காது என்பதே மன்றத்தின் முடிவு. எனினும் தாண்ட முடியாத தடை என்று அது சொல்லவில்லை. நியாயமான தீர்ப்பு.

"உவர் நீரில் வளர்ப்போமே" என்பார்கள். திறந்த குளத்திலிருந்து நீர் ஆவியாகப் போகும். உப்பு அங்கேயே தங்கும். உப்பு ஏறாமற் காக்க நன்னீர் விட வேண்டும். அல்லது உப்பேறிய நீரை எங்காவது கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது? கண்ணாடிக் குழாய்களில் மூடி வளர்த்தால் நீர் மிஞ்சும். ஆனால் இறைக்கும் மின்சாரமும் குழாயின் விலையும் ஏறும். ஒரு துளையை அடைத்தால் மறு துளை திறக்கிறது.

நைதரசன் உரம் இயற்கை வாயுவைக் கொண்டு ஆக்கப்படுகிறது. எனவே, உரத்தைக் கொட்டி எண்ணெய் எடுப்பது, பூமிக்கடியிலிருந்து வந்த எரிபொருளை உருமாற்றிப் பச்சைச் சாயம் பூசுவதாகும். பொசுபரசோ பாறையிலிருந்து வருவது. அதற்குப் பதிலாக வேறொன்றில்லை. உலகில் அறியப்பட்ட பொசுபேற்றுப் பாறையின் மிகப் பெரும் பங்கு மொறோக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. சோற்றுக்கும் அதுவே வேண்டும். எண்ணெய்க்கும் அதுவே வேண்டும் என்றால், பாசி உணவோடு போட்டியிடவில்லை என்று எப்படிச் சொல்வது? போட்டி வயலில் நடக்காமல் உரச் சந்தையில் நடக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

மூன்றாம் கேள்வி: கரியின் கணக்கு யாருடையது?

ஒரு கிலோ பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ காபனீரொட்சைட்டை உட்கொள்கிறது. காற்றில் உள்ளது மிக ஐதானது. வேகமாக வளர வேண்டுமாயின் செறிந்த வாயுவை ஊட்ட வேண்டும். ஆகவே, அனல் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குளம் வெட்டிப் புகையை அதற்குள் விடலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பாசி எண்ணெய் வண்டியில் எரியும்போது அதே கரி வானத்துக்குப் போகிறது. நிலக்கரியின் கரி இரு முறை உழைத்தது, மறைந்து விடவில்லை. மின்நிலையமும் "நான் கரியைக் குறைத்தேன்" என்று எழுதுகிறது. எண்ணெய்க் கம்பனியும் "நான் குறைத்தேன்" என்று எழுதுகிறது. ஒரே கடனை இருவர் தீர்த்ததாக இரண்டு பற்றுச்சீட்டுக் காட்டினால் எந்த நீதவான் ஏற்றுக்கொள்வார்?

வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010இல் பாசியைச் சோளத்தோடும், கனோலாவோடும், சுவிச்சுப் புல்லோடும் ஒப்பிட்டார்கள். நிலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதிலும், உரக் கழிவால் நீர்நிலைகள் கெடாமற் காப்பதிலும் பாசி வென்றது. சக்திச் செலவிலும், நீர்ச் செலவிலும், வெப்பமூட்டும் வாயுக்களிலும் பாசி தோற்றது. தோல்விக்குப் பெருங் காரணம் வெளியிலிருந்து கொண்டுவந்த வாயுவும் உரமுமே. அவ்வாய்வின் தரவுகள் பழையவை என்று தொழில்துறையினர் ஆட்சேபித்தார்கள். அவர்கள் ஆட்சேபிக்க உரிமையுடையவர்கள். ஆனால் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. இத்தகைய கணக்குகளில் விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எல்லைக் கோடே. கோட்டைக் குளக்கரையோடு நிறுத்தினால் பாசி குற்றமற்றது. உரத் தொழிற்சாலை வரை நீட்டினால் அதுவே குற்றவாளி. வழக்கில் நியாயாதிக்கம் எத்துணை முக்கியமோ, இங்கே எல்லை அத்துணை முக்கியம். எல்லையை வரைபவர் யார் என்று முதலிற் கேளுங்கள்.

நான்காம் கேள்வி: துணைப்பொருள் காப்பாற்றுமா?

"எண்ணெயில் நட்டம் வந்தாலும் துணைப்பொருளில் ஈடு செய்வோம்" என்பது கடைசி வாதம். துனலியெல்லா என்னும் உவர்நீர்ப் பாசியிலிருந்து எடுக்கும் கரோட்டின் அவுஸ்திரேலியாவில் நெடுங்காலமாகத் தொழிலாக நடக்கிறது. மீனுக்குச் செந்நிறம் தரும் அஸ்தசாந்தினும் பாசியிலிருந்து வருகிறது. மீன்களில் நாம் பெறும் ஒமேகா-3 கொழுப்பும் ஆதியிற் பாசியின் சொத்தே. அதை நேரே பாசியிலிருந்து எடுத்தால், எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் சிறு மீன்கள் தப்பும். இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் அளவைப் பாருங்கள். மேற்சொன்ன 3,900 கோடி லீற்றர் எண்ணெயின் நிறை ஏறக்குறைய மூன்றரைக் கோடி தொன். பாசியில் மூன்றிலொரு பங்கு எண்ணெய் என்றால் எஞ்சுவது ஏழு கோடி தொன். இதை எந்தச் சந்தையில் விற்பது? நிறப்பொருளின் விலை உயர்ந்திருப்பது அது அரியதாக இருப்பதால். கடலளவு கொண்டுவந்து கொட்டினால் விலை மண்ணாகும். எனவே, சிறு ஆலைக்குத் துணைப்பொருள் உண்மையிற் கைகொடுக்கும். பேராலைக்கு அது காகிதத்தில் மட்டும் கைகொடுக்கும். சிறு ஆலையின் இலாபத்தைக் காட்டிப் பேராலைக்கு அனுமதி கேட்பது சாட்சியை மாற்றி நிறுத்துவதாகும்.

தீவனமாகக் கொடுத்தால் அந்த நைதரசனும் பொசுபரசும் குளத்துக்குத் திரும்ப மாட்டா. புதிதாக உரம் வாங்க வேண்டும். எச்சத்தை நொதிக்க வைத்து உரத்தைத் திருப்பினால் விற்பதற்குத் தீவனம் இல்லை. ஒரே பொருளை உரமாகத் திருப்பியதாகவும் தீவனமாக விற்றதாகவும் இரு பக்கத்திலும் எழுதும் கணக்கைக் கண்டால் உடனே எழுந்து நின்று ஆட்சேபியுங்கள்.

அப்படியாயின் பாசி வீணா?

வீணன்று. வழியொன்று உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வில்லியம் ஒஸ்வால்ட் என்னும் பொறியியலறிஞர் 1950களிலேயே அதைக் காட்டினார். நகரத்துக் கழிவுநீரில் நைதரசனும் பொசுபரசும் நிறைந்திருக்கின்றன. அதை ஆற்றில் விட்டால் நஞ்சு. பாசிக் குளத்தில் விட்டால் உணவு. பாசி ஒட்சிசனைத் தர, கழிவை உண்ணும் பற்றீரியாக்கள் வேலை செய்கின்றன. காற்றூட்டும் இயந்திரத்தின் மின்சாரம் மிஞ்சுகிறது. ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலுள்ள சிக்லானா நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2011இல் தொடங்கிய திட்டம் இவ்வழியிற் சென்று, கழிவுநீரில் வளர்த்த பாசியின் வாயுவில் மோட்டார் வண்டிகளை ஓட்டிக் காட்டியது.

இங்கே முறை தலைகீழாகிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் முதற்பொருள், மற்றவை துணைப்பொருள் என்ற கணக்கு நிற்கவில்லை. தூய நீர் முதற்பொருள், எரிபொருள் துணைப்பொருள் என்ற கணக்கு நிற்கிறது. உலகத்து வண்டிகளையெல்லாம் அது ஓட்டாது. கழிவுநீர் உள்ள அளவுக்கே பாசி. பாசி உள்ள அளவுக்கே வாயு. ஆனால் நின்று நிலைக்கும்.

நமக்குரிய கடமை

இதையெல்லாம் நமக்கேன் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். பொசுபேற்றுப் பாறை இந்நாட்டிலும் உண்டு, எப்பாவலையில் உண்டு. அதைப் பெருமளவில் அகழ்ந்தெடுக்க அரசு அந்நியக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்ய முனைந்தபோது, அவ்வூர் விவசாயிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளம் மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பு என்றும், வருந் தலைமுறைக்கும் அதில் உரித்துண்டு என்றும், முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றித் திட்டம் நடைபெறக் கூடாது என்றும் கூறியது. வழக்காடியவர்கள் சிங்கள விவசாயிகள். தீர்ப்பின் பயன் இந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் உரியது. நல்லதை எங்கிருந்தாயினும் எடுத்துக்கொள்வோம்.

நம் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைக்குள் இருக்கும் நன்னீரே நமது ஒரே ஆறு. தோட்ட உரத்தின் நைத்திரேற்று அதில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியுள்ளன. உரமூட்டிய குளமொன்றின் அடி கசிந்தால் அந்நீர் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, நாளை ஒருவர் பச்சை வரைபடத்தோடு வந்து களப்புக் கரையைக் குத்தகைக்குக் கேட்டால், அவரை விரட்டவும் வேண்டாம். மாலை போடவும் வேண்டாம். இருக்கச் சொல்லி இவற்றைக் கேளுங்கள். நீர் எங்கிருந்து? உரம் எங்கிருந்து? கரி யார் கணக்கில்? செலவிடும் சக்தி எவ்வளவு, பெறும் சக்தி எவ்வளவு? துணைப்பொருளை எந்தச் சந்தையில் விற்பீர்? ஆலை மூடினால் குளத்தைத் துப்புரவாக்குபவர் யார், அதற்குரிய பணம் இன்றே வைப்பிலிடப்பட்டுள்ளதா?

கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், விதித்துரைக்கப்பட்ட திட்டமொன்றின் சுற்றாடல் மதிப்பீட்டறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. அறிக்கை நாம் வாசிக்கக் கூடிய மொழியில் இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துங்கள். வாசிக்க முடியாத காகிதத்தை மேசையில் வைப்பது மக்களிடம் கேட்டதாகாது. நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டு வருபவரைச் சாரும். குளத்தங்கரையில் வாழ்பவரைச் சாராது.

வாலிபர்களே! உங்களில் விஞ்ஞானம் பயில்வோர் இந்தக் கணக்குகளை நீங்களே செய்து பாருங்கள். நான் பிழை விட்டிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து திருத்துங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். விளக்குக்கு எண்ணெய் இன்றித் தவித்த மக்கள், எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் கையெழுத்திடும் மக்களாகி விடக் கூடாது. இல்லாமையை அறிந்தவர்களே கணக்கையும் கவனமாகக் கேட்க வேண்டும்.